இருபது லீட்டர்

கிண்ணியாப் பாலத்தடியில் மீன் வாங்க நின்றேன்.
"நீங்க மண்ணெண்ணெய் மிஸ் தானே?" என்றார் தராசுக்காரர்.

விரிவுரையாளர், பேராசிரியர், பீடாதிபதி,
காபன் வரி ஆலோசனைக் குழுவில் ஒரே பெண்:
எத்தனையோ பலகை என் மேசைமேல் வைத்தார்கள்.
இந்தப் பெயரை ஒருவரும் எழுதவில்லை.

தொண்ணூற்றேழில் பாலம் இல்லை. பாதைதான்.
ஏற ஒரு வரிசை, இறங்கினால் சோதனை.
என் பைக்குள் நூற்று நாற்பத்து மூன்று வினாக்கொத்து.
அந்த ஒன்றரை வருடத்தில் விலை நாலு முறை ஏறியது.
நாலு முறையும் வாடி வாடியாகப் போனேன்.
"எஞ்சினுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?"
இருபது லீட்டர், மிஸ்.
இருபது.
இருபதுதான், மிஸ், தேத்தண்ணி குடிங்க.

விலை ஏறுகிறது, நுகர்வு அசையவில்லை.
இருபத்தொன்பது வயது ஆய்வாளருக்கு
இதைவிட என்ன வேண்டும்?
கேள்வி நெகிழ்ச்சி: சய பூச்சியம் தசம் பூச்சியம் ஏழு.

அந்த எண்ணுக்குத்தான் முதலில் விசா கிடைத்தது,
பிறகு எனக்கு.
பேர்கனில் விடாத மழைக்குள் ஒரு மண்டபத்தில்
அது கைதட்டல் வாங்கியது.
நான் சொன்னேன்: எரிபொருளுக்கு வரி போடலாம்,
வருமானம் நிலையாக வரும்,
வந்த காசை அதே குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்.
கொழும்பில் முதற்பாதியை எடுத்துக்கொண்டார்கள்.
மறுபாதி பின்னிணைப்பு நான்கில்
இன்னும் பத்திரமாக இருக்கிறது.

இஸ்ஸதீன் பாரையின் செதில் உரசியபடி சொன்னார்:
"அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு.
இருபதுக்கு மேல சொன்னா
மிச்சத்த ஆருக்குக் குடுத்த எண்டு கேப்பாங்க.
கொறச்சுச் சொன்னா அடுத்த மாசம் பாஸைக் கொறப்பாங்க.
ஊரோட பேசி வெச்சிருந்தம்.
ஆர் வந்தாலும் இருபது.
நீங்க நல்ல மாதிரித்தான் கேட்டீங்க, மிஸ்.
நல்ல மாதிரிக் கேக்கிறவங்களுக்குத்தான்
நாங்க கூடப் பயம்."

"உண்மையில எவ்வளவு?"

"கடல் குடுத்தா முப்பத்தஞ்சு.
வெல ஏறினா பத்து.
வாப்பா படுத்திருந்த மாசம்
எஞ்சினத் தொடவே இல்ல.
தல வேணுமா, வெட்டிப் போடவா?"

தலை வேண்டும் என்றேன்.

அசைந்திருக்கிறது.
ஒவ்வொரு ரூபாய்க்கும் அசைந்திருக்கிறது.
எங்கள் பாடநூலில் கேள்வி என்றால்
வாங்க விரும்பும் அளவு.
அவர்கள் துறையடியில் கேள்வி என்றால் விசாரணை.
படத்தில் செங்குத்தாக நின்ற என் கேள்விக் கோடு
சாவடியில் நின்ற ஆளைப்போலத்தான் இருந்தது.
நான் பார்க்கவில்லை. தினமும் அவனுக்கு
அடையாள அட்டை காட்டிவிட்டுத்தான் போனேன்.

உவர்மலை வீட்டில் அலுமாரிமேல் அந்தப் பெட்டி.
கறையான் ஓரங்களை மட்டும் வாசித்திருக்கிறது.
இருபது. இருபது. இருபது. பதினெட்டு. இருபது.
அறுபத்தொன்றாம் தாளில்
முப்பத்தைந்து. பிறகு இருபத்திரண்டு. பிறகு பன்னிரண்டு.
நாலாம் கட்டம் வெறுமை.
குறுக்கே சிவப்பு மையில் என் கையெழுத்து:
விலகல். நீக்குக.

நாலாம் முறை அவர் ஏன் இல்லை என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.
பெயர் எழுதக்கூடாது என்பது ஆய்வு ஒழுக்கம்.
ஒழுக்கமாக இருந்திருக்கிறேன்.

நாளை பத்து மணிக்குக் கோணேசபுரி வளாகத்தில்
என் பிரியாவிடை உரை.
பதினாலாவது படத்தில் பழைய கோட்டின் பக்கத்தில்
அந்த மூன்று புள்ளிகளை வைத்துப் பார்க்கிறேன்.
வலப்பக்கம் சரிந்து இறங்குகின்றன,
க.பொ.த. பிள்ளைகள் வரைவதைப்போல.

கீழே உட்துறைமுகத்தில் ஒரு கப்பல் வெளிச்சம் போட்டு நிற்கிறது.
பாரை இன்னும் தொட்டியில்.
மணி ஒன்றரை.
இஸ்ஸதீனின் கைபேசி எண்ணை
வாங்காமல் வந்துவிட்டேன்.