ஓரெழுத்துக் குறைச்சல்

காசிமேட்டு ஏலக்கூடத்தில் சீட்டு எழுதுகிறவள் நான்.
எந்தக் கூடை எவருக்கு, என்ன விலை, பாக்கி எவ்வளவு,
செதில் ஒட்டிய நோட்டுகள்.
ஒன்பது மணிக்குள் வேலை முடிந்துவிடும்.
மிச்சப் பகலில்தான் பெயர் வாங்கப் பழகினேன்.

முதல் வருடம் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
இரண்டாம் வருடம் எண்ணூற்று எழுபது என்பது
கீழே எறும்பெழுத்தில் இருந்தது.
நான் மேலே இருந்ததைப் படித்தேன்.

வண்ணாரப்பேட்டை புடவை டாட் காம்.
கல்மண்டபம் தங்கம் டாட் இன்.
ராயபுரம் வாடகை வீடு, இதில் நடுவே ஒரு கோடு.
கோடு போட்ட பெயரை எவனும் தொடமாட்டான் என்பது
வாங்கிய பிறகு தெரிந்தது.

பதினான்கு பெயர், பதினான்கும் காலி மனை.
கொருக்குப்பேட்டை மனையில் மழைக்குத் தண்ணீராவது நிற்கும்.

விலை சொல்லும் இயந்திரம் ஒன்று உண்டு, இலவசம்.
பெயரைக் கொடுத்தால் டாலரில் பேசும்.
காசிமேடு ஐஸ் என்றேன்.
ஆயிரத்து நூற்றி எண்பது என்றது.
அன்றிரவு மாடிப்படியில் உட்கார்ந்து
டாலரை ரூபாயாக்கி,
சீட்டுக் கடனைக் கழித்து,
மீதியில் ஒரு வாஷிங் மெஷினை
எந்த மூலையில் வைப்பது என்று பார்த்தேன்.
சும்மா என் பெயரையும் கொடுத்துப் பார்த்தேன்.
மதிப்பிட இயலவில்லை என்றது.

ஏலத்தில் விலை என்பது ஒரு கை.
உயர்ந்தால் உண்டு.
உயராவிட்டால் கூவுகிறவனுக்குத் தொண்டை வலி,
மீனுக்கு வெயில்.
பதினோரு வருடமாக இதைச் சீட்டில் எழுதியவள்,
இயந்திரத்தை நம்பினேன்.

ஐஸ் கம்பெனி வரதராஜுலுவிடம்
நாற்பதாயிரம் என்று ஆரம்பித்தேன்.
"காசிமேடு இன்னா, உங்க ஊட்டுப் பேரா?" என்றார்.
அக்கா மகனைக் கூப்பிட்டார்.
அவன் என் எதிரிலேயே, நின்ற வாக்கில்,
அதே பெயரை வேறு வாலோடு
ஐந்நூற்றுச் சொச்சத்துக்கு வாங்கினான்.
"டீ குட்ச்சிட்டுப் போம்மா" என்றார்.
குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அதன் பிறகு கடிதங்கள்.
முப்பது நாள். ஏழு நாள். நாளை.
மீன் கெடுவது மூக்குக்குத் தெரியும்.
பெயர் கெடுவது
மின்னஞ்சல் பார்த்தால்தான் தெரியும்.
ஒன்பது பெயர்களைப் போகவிட்டேன்.

விற்றது ஒன்றுதான்.
கருவாடு என்று அடிக்கப் போய்
தூக்கத்தில் டு விழுந்து
கருவா என்று நின்றுபோனது.
தமிழில் ஓரெழுத்து, ஆங்கிலத்தில் இரண்டு.
தவறிப்போய் வாங்கியதை
யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஒருவர் எழுதினார், ஊர் சொல்லவில்லை.
நூற்றிருபது டாலர் தருகிறேன் என்றார்.
நூற்றைம்பது என்றேன்,
கை நடுங்கியது.
பத்தே நிமிடம். சரி என்றார்.
சரி என்றதும் வயிற்றில் ஒரு கல்:
குறைத்துச் சொல்லிவிட்டேன்.

நடுவில் ஒரு கம்பெனி பணத்தைப் பிடித்துக்கொண்டது.
பூட்டைத் திறந்தேன்.
பதினாறு எழுத்துச் சாவியை
இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினேன்.
இந்தமுறை ஓரெழுத்தும் விழவில்லை.
ஊர்ப் பெயரா, மகள் பெயரா, ஏதாவது மணப்பட்டையா,
எதற்கு அது அவருக்கு, கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
இன்னும் கொஞ்சம் ஏற்றியிருப்பேன்.

மறுநாள் துறைமுகத்தில்
கைமாறிய விசைப்படகு ஒன்றுக்கு
டில்லிபாபு பெயர் மாற்றிக்கொண்டிருந்தான்.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நீலம் இரண்டு கோட்டு.
"தண்ணி பட்டா பழைய பேரு மேல வரும்க்கா,
மூணாவது கோட்டுக்குத் துட்டு தர மாட்றாங்க" என்றான்.
அலை ஒன்று வந்து அடித்தது.
வந்தது, அரைகுறையாக, ஒரு சா, ஒரு மி.

நான் புதுப் பெயரைப் பார்த்தேன்.
எண்ணினேன். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து.
கோடு இல்லை. வாயில் நிற்கிறது.
மீன் ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு
போனை எடுத்தேன்.

காலியாகத்தான் இருக்கிறது.
தொண்ணூற்றொன்பது ரூபாய்.