நூற்று நாற்பத்தேழின் இரண்டாம் துண்டு

புவர்ட்டோ மோன்ட்டில் பதினோராவது நாளாக மழை.
மேசைமேல் ஒரு மெமரி கார்டு,
அதன் அடியில் ஒரு புகார்:
எலியோதோரோ பார்ரியா
தூண்டில் கயிற்றை இழுக்கும் நேரம் பார்த்துக்
கேமராவை அணைத்துவிட்டார்.
பதினேழு நிமிடம் காணவில்லை.

காலையில் அவரே தொலைபேசியில் வந்தார்.
"நான் தொடவே இல்லை, சென்யோரா."
எல்லாரும் சொல்வதுதான்.

பெயர்களை மேலிருந்து படித்தேன்.
ஜிஎச்010146
ஜிஎச்010147
ஜிஎச்010148
நூற்று நாற்பத்தேழின் முடிவில்
ஏதோ சொல்ல வாய் திறக்கிறார்.
நாற்பத்தெட்டில்
கையுறை கழற்றி ரொட்டி தின்கிறார்.

தேதியைப் பார்க்கலாமென்றால்
நகலெடுத்த புண்ணியவான்
எல்லாக் கோப்புக்கும் ஒரே செவ்வாய்க்கிழமையைக்
கொடுத்து வைத்திருக்கிறான்.

சாப்பிட்டுவிட்டு வந்து
சும்மா சக்கரத்தை உருட்டியபோதுதான்
பட்டியலின் அடிமட்டத்தில்,
இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் கீழே,
தனியாக:
ஜிஎச்020147.

முதல் இரண்டு எழுத்து, படத்தை மடித்த விதம்.
நடு இரண்டு இலக்கம், எத்தனையாவது துண்டு.
கடைசி நான்குதான் எந்தப் படம் என்பது.
நான்கு ஜிகாபைட் நிறைந்தால்
கேமரா யாரையும் கேட்காமல் நறுக்கும்.
நறுக்கியதற்குப் பெயர் வைக்கையில்
எங்கள் ஊர் வழக்கம்போலவே
குடும்பப் பெயரைக் கடைசியில் போடும்.
பெயர்வரிசையில் கூப்பிட்டால்
எல்லா வீட்டுத் தலைப்பிள்ளைகளும் வந்து தீர்ந்தபிறகே
இரண்டாம் பிள்ளை வாசலுக்கு வரும்.

அணைக்கவில்லை!
எழுந்து நின்றுவிட்டேன்.
பக்கத்து மேசை ஒஸ்வால்தினா
என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

பிறகு உட்கார்ந்து
பதினேழு நிமிடத்தையும் ஓட்டினேன்.

ஒன்பதாவது நிமிடத்தில் கயிற்றோடு வருகிறது
நனைந்த போர்வை மாதிரி ஒன்று.
சிறகை விரித்துப் பார்க்கிறார், ஆள் நீளம்.
அலகிலிருந்து கொக்கியைப் பிடுங்குகிறார், அவசரமில்லாமல்.
அப்புறம் நிமிர்ந்து
நேராக என்னைப் பார்க்கிறார்.
சிவப்பு விளக்கு எரிவது தெரிகிறது அவருக்கு.
பொத்தானுக்கும் அவர் விரலுக்கும்
ஒரு முழம்கூட இல்லை.
பறவையைக் கடலில் போட்டுவிட்டு
கட்டைவிரலால் லென்ஸைத் துடைக்கிறார்,
உப்பு படிந்திருந்ததால்.

இரண்டு வாக்கியம் எழுதினேன்.
கேமரா அணைக்கப்படவில்லை.
ஆல்பட்ராஸ் ஒன்று, இறந்தது, ஒன்பதாம் நிமிடம்.
இதில் எது அவருக்குச் சாதகம்
என்று எனக்குச் சம்பளம் தருபவர்கள் கேட்கவில்லை.

சேமிக்கும்போது கணினி பெயர் கேட்டது.
படகின் பதிவெண், தேதி,
கொஞ்சம் யோசித்து
கடைசியில் ஒரு 01.