மெனு கார்டு, மூன்றாவது புரூஃப்

மண்டபம் ரோட்டில் ஏசி போட்டு, மீன்தொட்டி வைத்து
ஃபேமிலி ரெஸ்டாரன்ட் திறந்த நூகுத்தம்பி
முதல் புரூஃபை என் மேஜைமேல் எறிந்தார்.
"மீன் வறுவல்னா வெறும் மீன் வறுவலா?
மதுரையில போய்ப் பாரு.
கோழியைப் பள்ளிபாளையங்கிறான், அறுபத்தஞ்சுங்கிறான்,
லாலிபாப்புங்கிறான்.
கோழிக்கு இருக்கிற மரியாதை
நம்ம கடலுக்கு இல்லையா?"

நியாயம்தான்.
ஃப்ளெக்ஸ் கடையில் பதினோரு வருஷம்.
காதணி விழாவுக்குச் சிங்கம் போட்டவன் நான்,
கண்ணீர் அஞ்சலிக்குப் புறா.
சமையல்காரர் கார்மேகத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து
ராத்திரி பத்துக்குத் தொடங்கினோம்.

இடி விழுந்த இறால்.
சபதம் போட்ட சங்கரா.
கருவாட்டைப் பிரிந்த கத்தரிக்காய் (சைவம்).
பக்கவாட்டில் போகும் நண்டு,
தொட்டுக்கொள்ள நேராக வரும் நான்.
தடைக்காலத் தட்டு, அறுபத்தொரு நாளும் கிடைக்கும்:
வெங்காயம், எலுமிச்சை, மீன் இருந்த இடம்.

தூக்குப்பாலம் பரோட்டா என்றால்
நடுவில் வெட்டி இரண்டு பாதியையும் நிமிர்த்த வேண்டும்,
கப்பல் போக, அதாவது சால்னா போக.
"புதுப் பாலம் அப்படித் திறக்காதேண்ணே" என்றேன்.
"பரோட்டாவும் பழசுதான்" என்றார்.

தனுஷ்கோடி என்று நான் தொடங்கியதும்
கையை உயர்த்தினார்.
"புயலை வச்சுப் புட்டு விக்காதே."
விட்டுவிட்டோம்.
எங்களுக்கும் ஒரு எல்லை இருக்கிறது என்று
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பன்னிரண்டரைக்குக் கணவாய் வந்தது.
எங்கள் பக்கம் கணவா என்போம்.
"ரெண்டு நிமிசத்துல எடுக்கணும்,
இல்லாட்டி நாப்பது நிமிசம் விடணும்,
நடுவுல எடுத்தா செருப்பு" என்றார் கார்மேகம்.
நான் அடித்தேன்:
கணவா, எப்ப வருவீக?
கீழே பொடி எழுத்தில்:
நாற்பது நிமிடம் காத்திருக்கவும்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
எதிர் மெடிக்கல் வாசலில் படுத்திருந்த நாய்
எழுந்து இடம் மாறியது.

மூன்று வாரம் கழித்து
பாக்கி நாலாயிரத்துக்காகக் கல்லாவருகே நிற்கிறேன்.
மீன்தொட்டிப் பக்கத்து மேஜையில் ஒரு பெண்,
ஏசிக்கு முகம் காட்டும் இரண்டு பிள்ளைகள்.
பிளாஸ்டிக் உறைக்குள் மனு, மேலே
மீன்துறை ஆபீஸின் ஈரம் காயாத ரப்பர் ஸ்டாம்ப்.
எமரென்சியா, தங்கச்சிமடம்.
படகு எண். ஓர் ஆணின் சின்னப் போட்டோ.
அதற்குக் கீழே தெரிந்த முதல் வரி
'என் கணவர்' என்று தொடங்கியது.
அதற்குமேல் நான் படிக்கவில்லை.

அவள் மெனுவைப் படித்தாள்.
பெரியவனுக்கு இடி விழுந்த இறாலைக் காட்டினாள்,
அவன் சிரித்தான்.
விரல் இறங்கிக்கொண்டே வந்தது.
நான் மீன்தொட்டியைப் பார்த்தேன்.
"கணவா,
எப்ப வருவீக."
கேள்விக்குறியை விட்டுவிட்டுப் படித்தாள்.

சர்வர் பையன், புதுசு, பேனாவை எடுத்தான்.
"ஒண்ணா ரெண்டா அக்கா?"

அவள் அவனைப் பார்த்தாள்.
"ஒண்ணு போதும்."
பிறகு பொடி எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்
"நாப்பது நிமிசந்தானா?" என்றாள்,
சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு,
தோள் குலுங்கச் சிரித்தாள்,
சின்னது எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்தது.

உள்ளே கார்மேகத்துக்கு யார் சொன்னார்களோ.
ஐந்தாவது நிமிடம் தட்டு வந்தது,
மிளகு புகைய, பஞ்சு மாதிரி,
அவரே கொண்டுவந்தார், லுங்கியை இறக்கிவிட்டு.

என் பாக்கியில் ஆயிரம் மட்டும் கிடைத்தது.
நாலாவது புரூஃப் எப்போது என்று நூகுத்தம்பி கேட்டார்.
அடுத்த வாரம் என்றேன்.
பில் மெஷினுக்கு எங்கள் பெயர்கள் எதுவும் தெரியாது.
ஸ்குயிட் ரோஸ்ட், ஒன்று, இருநூற்று இருபது
என்று அடித்துக் கொடுத்தது.