வலப்பக்கம் கலைந்த படுக்கை

ஓயார்ஸ்,
ஐந்து மாதமாய் ஒரு காலடிகூட
ஏன் உங்கள் வாசலில் விழவில்லை என்று
கேட்டு எழுதியிருந்தீர்கள்.
வீடு விற்றால்தான் என் அடுப்பு எரியும்,
ஆகவே மழுப்பாமல் சொல்கிறேன்.

முதலில் அந்தப் படங்கள்.
பன்னிரண்டும் நவம்பரில் எடுத்தவை,
மாலை நாலு மணிக்கு, விளக்குப் போடாமல்.
மின்கட்டணம் எனக்கும் வருகிறது. ஆனாலும்
கிணற்றுக்குள் இறங்கி எடுத்ததுபோல்
இருக்கிறது உங்கள் சமையலறை.
கூடத்துக் கண்ணாடியில் நீங்களே நிற்கிறீர்கள்,
முண்டா பனியனும் கைபேசியுமாய்,
யாரோ கதவைத் தட்டிவிட்டதுபோலத் திடுக்கிட்டு.
எட்டாவது படம் கொதிகலன்.
ஒன்பதாவதும் அதே கொதிகலன்.

'அமைதியான சூழல்' என்று எழுதச் சொன்னீர்கள்.
அதைப் படிப்பவர்கள்
பேருந்து வராது என்று புரிந்துகொள்வார்கள்.
உண்மையும் அதுதான்:
செவ்வாய், வெள்ளி,
அதுவும் பள்ளி நடக்கும் மாதங்களில்.

வால்மியேராவிலிருந்து வருகிறவர்களை
கைபேசி வரைபடம்
கௌயா ஆற்றின் அக்கரையில் கொண்டுபோய் விடுகிறது.
படகுத்துறை இருந்த இடம். இப்போது ஒரு பலகை மட்டும்.
மார்ச்சில் ரீகாவிலிருந்து வந்த ஒரு தம்பதி
அங்கே வண்டியை நிறுத்தி,
பனிப்பாளங்கள் உடைந்து மிதக்கும் நீருக்கு மேலாக
உங்கள் புகைபோக்கியைப் பார்த்தார்களாம்.
'அழகாக இருக்கிறது' என்று
எனக்கொரு செய்தி அனுப்பிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.
இக்கரைக்கு அக்கரை பச்சைதான்,
பச்சைக்கு யாரும் முன்பணம் தருவதில்லை.
மார்ச்சில் அது பச்சைகூட இல்லை.

பிறகு விலை.
நாற்பத்தேழாயிரத்து அறுநூறு யூரோ.
அந்த அறுநூறு எங்கிருந்து வந்தது என்று
ஓர் இரவு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.
வங்கிக்கு முப்பத்தோராயிரம்.
அவுஸ்மாவுக்கு நீதிமன்றம் சொன்ன பதினோராயிரம்.
நீங்களே பலகை அறுத்துக் கட்டிய
நீராவிக் குளியலறைக்கு ஐயாயிரம்.
வக்கீலுக்கு அறுநூறு.
காசு பிசகாமல் வருகிறது.
ஒரு மணமுறிவின் ரசீதை
முன்பின் தெரியாத ஒருவர்
ஏன் கட்டவேண்டும், ஓயார்ஸ்?

கூரை ஒழுகுவதை நான் பெரிதாக நினைக்கவில்லை.
ஒழுகும் கூரைக்கு ஆள் வரும், பேரம் பேச.
படுக்கையறைப் படம்தான் ஆளை விரட்டுகிறது.
இரட்டைக் கட்டில்.
வலப்பக்கம் மட்டும் கலைந்து கிடக்கிறது.
இடப்பக்கத் தலையணை
கடையிலிருந்து வந்தபடி.
பார்ப்பவர் விரல் ஒரு கணம் நிற்கிறது,
பிறகு அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுகிறது.
ஏனென்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

இதுவரை ஒரே ஓர் அழைப்பு.
சொல்லலாமா வேண்டாமா என்று
மூன்று வாரம் வைத்திருந்தேன்.
பெயர் சொல்லாத பெண்.
எத்தனை அறை, எத்தனை சதுர மீட்டர், ஒன்றும் கேட்கவில்லை.
'குளியலறைக்குப் பின்னால் இருக்கும் பிளம் மரம்
இந்தக் குளிரைத் தாண்டியதா?' என்றார்.
பன்னிரண்டு படத்திலும் மரம் இல்லை.
நான் விலையைச் சொன்னேன்,
எப்படிக் கூட்டிய விலை என்பதையும், கேட்காமலே.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு சிரிப்பு.
'பலகை அறுத்தது அவர். ஆணி அடித்தது நான்.'
வைத்துவிட்டார்.

ஆகவே
ஐயாயிரம் குறையுங்கள்.
முடியாதென்றால் இரண்டாயிரமாவது.
வழி தப்பாமலிருக்க
மரப்பாலத்தருகே நான் ஒரு அம்புக்குறி நடுகிறேன்.
மே முதல் வாரம் கேமராவோடு வருவேன்.
சன்னல்களைத் துடைத்து வையுங்கள், சட்டை போட்டுக்கொள்ளுங்கள்,
கட்டிலின் இரண்டு பக்கத்தையும் சரிசெய்யுங்கள்,
இல்லை இரண்டு பக்கத்தையும் கலைத்துவிடுங்கள்.
கொதிகலன் வேண்டாம்.
குளியலறைக்குப் பின்னால் போய் ஒரு படம் எடுப்போம்,
மரம் பூத்திருந்தாலும் சரி,
பட்டுப்போயிருந்தாலும் சரி.
அந்த எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை.