மூன்று பந்து

சென்னைக் கல்லூரிக் கடிதத்தில்
என் பெயருக்கு நேரே ஓர் எண்: முப்பத்தேழு.
அம்மா அதை மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

தடைக்காலம். அறுபத்தோரு நாளில் நாற்பது கழிந்திருந்தது.
படகுகள் மண்டபத்துக் கரையில் பெயின்டுக்குக் காத்திருக்க
அப்பா வீட்டில் இருந்தார்.
வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு
எல்லாவற்றிலும் கருத்து உண்டு.
"சென்னைன்னா சென்னைதான்டா, டெலிங்டன்."
லக்ராஸ் அவர் வாயில் இன்னும் லாசருதான்;
மூணு வருஷமாக நான் லாசரு விளையாடுகிறேன்,
கல்லறையிலிருந்து எழுந்து வந்தவனைப் போல
தினமும் மண்ணோடு வீடு திரும்புகிறேன்.

போய்ப் பார்த்தேன்.
விளக்குக் கம்பம் எட்டு. பச்சை விரிப்பு.
பந்துகள் கூடை கூடையாக.
சுற்றிலும் சுவர், காற்று நுழைய வழியில்லை,
எறிந்த பந்து எறிந்த இடத்துக்கே போனது.
(எனக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது.)
நான் தவறவிட்ட ஒன்று வேலி தாண்டி உருண்டது,
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அடுத்த பந்து. அடுத்த பையன்.
பயிற்சியாளர் நல்ல மனுஷர்.
தோளைத் தட்டி, "ராமேஸ்வரம், நல்லா ஓடுறே" என்றார்.
நான் மண்டபம், சார்.
பாலத்துக்கு இந்தப் பக்கம்.
சொல்வதற்குள் முப்பத்தெட்டு வந்துவிட்டான்.

உச்சிப்புளி தாண்டி
நிற்கலாமா வேண்டாமா என்று பஸ் யோசிக்கிற இடத்தில்
இன்னொரு கல்லூரி.
இரண்டு மாடி; மேல்மாடிக்கு ஜன்னல் வரவில்லை.
கணக்கியல் எடுக்கும் ஹபீப் சாரே பயிற்சியாளர்.
பலகையில் 'ஆண்கள் அணி', கீழே பதின்மூன்று பெயர்,
அதில் ஒருவனுக்கு மஞ்சள் காமாலை.
கோலில் கட்டியிருந்தது நண்டு வலை.
மட்டையில் பை அறுந்தால்
வேதாளை சீனி முகைதீன் கால்விரலில் நூலை மாட்டி
பேசிக்கொண்டே பின்னிவிடுவான்.
தரையெல்லாம் நெருஞ்சி, ஓரமெல்லாம் கருவேலம்.
கச்சான் அடிக்கும்போது தோழனைப் பார்த்து எறியக் கூடாது,
அவனுக்கு இரண்டு முழம் தெற்கே எறிய வேண்டும்.
அது எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

அந்தத் திமிரில்தான்
மூன்றாவது பந்தை முள்ளுக்குள் விட்டேன்.

விசில். ஆட்டம் நின்றது.
பன்னிரண்டு பேரும் மட்டையைப் போட்டுவிட்டுக்
கருவேலத்துக்குள் குனிந்தார்கள்.
அவர்களிடம் இருந்ததே மொத்தம் மூன்று பந்து.
தேடிக்கொண்டே ஒருவன் என் பெயர் கேட்டான்.
எந்தத் தெரு என்றான்.
சர்ச் பக்கமா, உங்க அக்கா டெய்லரா,
எங்கம்மா ஜாக்கெட்டு இன்னும் வரலை என்றான்.
சாரின் முழங்கையில் ரத்தம் கோடு போட்டிருந்தது.
இருபது நிமிஷம்.
ஓர் ஆடு மிரண்டு விலகிய இடத்தில்
பந்து சும்மா கிடந்தது.

இதையெல்லாம் காரணம் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது?
"ஹாஸ்டல் பணம் மிச்சம்" என்றேன்.
"இயற்பியலுக்கு ஒன்பதே பேர்,
ஆய்வகத்தில் ஆளுக்கொரு கருவி" என்றேன்.
இரண்டும் உண்மை.
பயமாக இருந்தது என்பதும் உண்மை, அதைச் சொல்லவில்லை.
அவர் வெகுநேரம் கடலைப் பார்த்தார்.
"லாசருக்கு எந்த ஊரா இருந்தா என்ன" என்றார்.
கேலியா சம்மதமா, இன்றுவரை தெரியாது.

தை மாதம் மதுரையில்
அதே சென்னைக் கல்லூரியோடு ஆடினோம்.
பதினேழுக்கு இரண்டு. இரண்டு எங்களுடையது.
முப்பத்தேழாம் எண் சட்டை போட்ட ஒருவன்
கடைசிவரை பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.
கை காட்டினேன். யாரென்று தெரியாமல் அவனும் காட்டினான்.

பரமக்குடி தாண்டும்போது பஸ்ஸில்
சீனி முகைதீன் பையைத் திறந்து எண்ணினான்.
நான்கு பந்து இருந்தது.
ஹபீப் சார் ஜன்னல் பக்கம் திரும்பித்
தூங்குவதுபோல் இருந்தார்.