கையில் எழுதிய எண்

முதல் ஆண்டு ஏழு பேர்.
ஏழாவது ஆள் அர்த்தநாரி.
நடத்துகிறவரும் குதித்தால்தான்
ஆறு ஏழாகும் என்ற நிலை.

மூக்கனேரியில் அந்தப் பங்குனியில் கழுத்தளவுதான் தண்ணீர்.
களைத்தவர்கள் எழுந்து நின்று
கரையைப் பார்த்துக் கை அசைத்துவிட்டு
மறுபடி படுத்து நீந்தினார்கள்.
மிதவை என்று எங்களிடம் இருந்தவை
ஆரஞ்சு பெயின்ட் அடித்த தண்ணீர்க் கேன் நான்கு,
கயிறு, செட்டிச்சாவடியில் பொறுக்கிய வெள்ளைக்கல்.
மூன்றாவது கேன் கல்லை உதறிக்கொண்டு
கொக்குகள் இருக்கும் திட்டுக்குப் போய்விட்டது.
அதுதான் பாதை என்று நம்பிச் சுற்றி வந்த பர்வீன்
இருநூறு மீட்டர் கூடுதலாய் நீந்தி
முதலாவதாக வந்தாள்.

எனக்கு நீச்சல் வராது.
ரேஷன் கடையில் பில் எழுதுகிற கை என்பதால்
மார்க்கரைக் கொடுத்துவிட்டார்கள்.
தோளுக்குக் கீழே எண்.
வாசலின் பூசிய தோலில் மை வழுக்கும்.
கூச்சக்காரர்கள் ஐந்தைப் பாதியில் உதறுவார்கள்.
முகம் எனக்கு நினைவிருப்பதில்லை.
தோள் நினைவிருக்கும்.

ஏற்காட்டில் நாற்பத்தொருவர்.
மிதிபடகு கிளம்புமுன், எட்டு மணிக்குள் முடிக்கச் சொல்லி அனுமதி.
ஆறரைக்கு இவர்கள் இறங்கினார்கள்,
ஆறே முக்காலுக்குப் பனி இறங்கியது.
ஏரி இல்லை. எதிர்க்கரை இல்லை.
நாற்பத்தொரு மூச்சு மட்டும் வெள்ளைக்குள் எங்கோ.
டீக்கடை லூர்துசாமி பஜ்ஜித் தட்டைக் கவிழ்த்துக்
கரண்டியால் அடிக்கத் தொடங்கினார்.
சத்தம் வரும் பக்கம் கரை.
ஒவ்வொரு தலையாக, கறுப்பாக,
சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது.
தட்டு நெளிந்துபோனது. காசு வாங்கவில்லை.
அதை நாங்களே வைத்துக்கொண்டோம்.

பூலாம்பட்டியில்
இறங்கியவர் முந்நூற்று நாற்பது.
ஏறியவர் முந்நூற்று முப்பத்தொன்பது.
மூன்று முறை எண்ணினேன்.
அர்த்தநாரியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க
நான்காம் முறையும் எண்ணினேன்.
மாதையன் பரிசலைச் சுழற்றிச் சுழற்றிக்
காவிரியைத் துழாவிக்கொண்டிருந்தார்.
இருநூற்றுப் பதினெட்டு.
அம்மை ஊசி வடுவை ஒட்டி அந்த எட்டைச் சுழித்தது நான்தான்,
அன்று காலைதான்.

அப்போது ஃபோன்.
தொப்பியில இருந்த நம்பருங்க.
நெருஞ்சிப்பேட்டை டீக்கடையிலிருந்து பேசறேன்.
உங்க ஆள் ஒருத்தர் ஈர ஜட்டியோட
ரெண்டு டீ குடிச்சுட்டார்,
காசு யார் குடுப்பா?

எல்லோரும் சிரித்தோம்.
அர்த்தநாரி மணலில் உட்கார்ந்துவிட்டார்,
வெகுநேரம் எழவில்லை.
அடுத்த ஆண்டிலிருந்து கணுக்காலில் சிப்.

இப்போது ஏரி, ஆறு, மேட்டூர் அணை என்று
தொடர் நீண்டுவிட்டது. புள்ளி, தரவரிசை,
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் வார்த்த வெள்ளிப் பதக்கம்,
கொலுசுக்கடை பேனரும் ஜவ்வரிசி ஆலை பேனரும்
ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு.
ஆயிரத்து நூறு இடமும் பதினோரு நிமிடத்தில் தீர்ந்தது.
பதினான்காம் நிமிடத்தில் முயன்ற பர்வீன்
காத்திருப்போரில் முந்நூற்று இரண்டாவது.
பேசாமல் தன் சிப்பை அவிழ்த்து
அவள் காலில் கட்டினார் அர்த்தநாரி.
பிறகு என்னிடம் தோளை நீட்டினார்.
தோல் தளர்ந்திருந்தது, மை கோணியது.
கேட்காமலே ஏழு எழுதினேன்.

பதினொன்றரை.
இயந்திரம் ஒரு முறை கூவியது,
திரையில் பச்சை: நீரில் எவரும் இல்லை.
பிள்ளைகள் தட்டுவடை செட்டைப் பிரித்துவிட்டார்கள்.
மிதவைகளிலிருந்து காற்று பெருமூச்சாய்ப் போகிறது.
தொலைவில் ஒரு பரிசல் மட்டும்
முன்னும் போகாமல் பின்னும் போகாமல்
யாருக்கோ நடை கொடுத்து வருகிறது.

என் நோட்டில் ஒரு கட்டம் காலி.

பர்வீன் இன்னும் தலை துவட்டவில்லை.
நெளிந்த தட்டை எடுத்துக் கவிழ்க்கிறாள்.
பனி இல்லை. நல்ல வெயில்.
கரை எதுவென்று எவருக்கும் தெரியும்.
இருந்தும் அடிக்கிறாள்,
கரண்டி வளைய அடிக்கிறாள்.

ஏழாவது ஆள் வந்துகொண்டிருக்கிறார்.