பதினோரு கதவுகள்

ஜன்னல் உள்ள அறைக்கு மாதம்
ஐம்பதாயிரம் வொன் கூடுதல்.
நான் ஜன்னல் இல்லாததை எடுத்தேன்.
காலண்டரில் வந்த ஒரு கடலை
ஜன்னல் இருக்கவேண்டிய உயரத்தில் மாட்டினேன்.

சியோல். மூன்றாவது மாடி. நாற்பது அறை.
கை விரித்துப் படுத்தால் இரண்டு சுவரும் இடிக்கும்.
பக்கத்து அறையில் தாள் புரளும் ஓசையை வைத்தே
படிப்பது சட்டமா கணக்கியலா என்று சொல்லிவிடுவேன்.
முகம் மட்டும் தெரியாது.

ஒப்பந்தத்தின் கடைசித் தாளில் ஒரு வரைபடம்.
சிவப்பு அம்பு என் அறையில் கிளம்பி
எதிலும் முட்டாமல் படிக்கட்டுக்குப் போகிறது.
அம்புக்குத் தெரியாது
நடையில் கிடக்கும் அரிசி மூட்டை,
துணி காயும் கம்பி, யாருடையதோ சைக்கிள்,
புகையைத் தடுக்கவேண்டிய கதவு
மூடிக்கொள்ளாதிருக்க
வீட்டுக்காரர் பியோ முட்டுக்கொடுத்த தண்ணீர்க் கேன்.
பச்சை விளக்குக்குள் ஓடும் மனிதன்
போன மழைக்காலத்திலிருந்து
இருட்டில் ஓடிக்கொண்டிருக்கிறான்.

இரவு இரண்டு மணிக்கு மேல்
துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்ப்பேன்.
குனிந்து. இடது கை சுவரில்.
கதவு, கதவு, கதவு,
ஏழாவது தாண்டித் தீயணைப்பான்
(அதன் காலாவதித் தேதியை
விரலால் படிக்க முடியாது, நல்லவேளை),
பதினொன்று. படி.

நவம்பரில், தேர்வுக்கு முந்தைய வாரம்,
எட்டாவது கதவருகே
என் கை இன்னொரு கையைத் தொட்டது.

இருவருமே கத்தவில்லை.
அட்டைச் சுவர்; நாற்பது பேர் எழுந்துவிடுவார்கள்.
துண்டை இறக்கினேன். என்னைப் போலவே குனிந்து
ஒரு பெண். கண்ணில் விமானத்தில் தரும் கறுப்புப் பட்டை.
அதைக் கழற்றாமலே கேட்டாள்:
"உங்களுக்கு எத்தனை?"
"பதினொன்று. நீங்கள் ஏன் எதிர்ப்பக்கம் வருகிறீர்கள்?"
"படியிலேயே தீ என்றால்?"

அதை நான் யோசித்ததே இல்லை.

அவளுக்குப் பின்னால் நடந்தேன்.
பொதுச் சமையலறை. மாடிக்கே பொதுவாய் ஒரு ஜன்னல்.
அதனடியில் கயிற்றுப் பெட்டி:
வாரை அக்குளில் மாட்டு, கால் வெளியே போடு,
கயிறு மெல்ல இறக்கும் என்கிறது படம்.
பெட்டியின் மேல், பத்துப் பேருக்கு வேகும்
ரைஸ் குக்கர். இன்னும் சூடாய்.
ஆளுக்கொரு காது பிடித்துத் தரையில் இறக்கினோம்.

காலையில் பியோ மறுபடி மேலே வைத்தார்.
இரவில் இறக்கினோம்.
இன்னும் வைக்கிறார்.

பெயரை ஒரு பார்சலில் பார்த்தேன்: நாம்குங் யேவோன்.
பட்டைக்குக் கீழே தெரிந்தது
கொஞ்சம் மூக்கு, கொஞ்சம் வாய்.
தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாது.
இருட்டில்,
கை என்றால் தெரியும்.